நாவும் எண்ணும்

உண்பதற்கு உதவும் நாக்கே உரைப்பதற்கும் உதவுகிறது. இவ்விரு தொழில்களும் எப்பொழுதும் ஒத்து நடப்பதில்லை. நாக்கு உணர்ந்த சுவை ஒன்றாகவும், அது மொழிந்த சொல் வேறொன்றாகவும் இருத்தல் உண்டு. விருந்துக்கு அழைத்தவரின் மனம் நோகக்கூடாதென்று உப்பில்லாத குழம்பையும் நன்றென்று புகழ்கிறோம். அஃது இல்லத்தில் பண்பாகும். ஆனால், பலர் உண்ணப் போகும் உணவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அதுவே பிழையாகிவிடும். பிறர் உணர்ந்த சுவையை உள்ளவாறு அறிவது எவ்வாறு? அதனை எண்ணால் அளக்கவும் இயலுமோ? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

கடலூர் மாவட்டத்திலுள்ள மேல்பட்டாம்பாக்கம் எனது ஊர். விழுப்புரத்திலிருந்து கடலூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில், பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையே அஃது அமைந்துள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் தமிழாசிரியனாக இருந்தபொழுது, மாணவர் விடுதி ஒன்றின் உணவுக் குழுவுக்குத் தலைமை ஏற்க நேர்ந்தது. ஓராண்டுக்கு வேண்டிய அரிசியை வாங்குதல் வேண்டும். வணிகர் இருவர் மாதிரி அரிசி அனுப்பியிருந்தனர். இரண்டையும் தனித்தனியே சமைக்கச் செய்து, மாணவர் பன்னிருவரை அழைத்து, அவர்களோடு நானும் அமர்ந்தேன். இரண்டிலும் ஒவ்வொரு கவளம் உண்டவுடன், "முதல் அரிசியே நன்று" என்று மொழிந்தேன். பின்னர் ஒவ்வொருவரையும் வினவினேன். பன்னிருவரும், "முதல் அரிசியே நன்று, ஐயா" என்றனர். ஒருமித்த முடிவு கிடைத்ததென்று மகிழ்ந்து அதனையே வாங்கினோம்.

அவ்வாண்டு முழுவதும் மாணவர் தட்டுகளில் சோறு மிஞ்சிக் கிடந்தது. காரணம் விளங்காமல், ஒரு மாணவனைத் தனியே அழைத்துக் கேட்டேன். அவன் தயங்கித் தயங்கி, "ஆறினால் அந்தச் சோறு விறைத்துப் போகிறது, ஐயா. அன்றைக்கே எங்களில் பலருக்கு இரண்டாவது அரிசிதான் பிடித்திருந்தது. நீங்கள் சொன்ன பிறகு நாங்கள் என்ன சொல்வது?" என்றான்.

பன்னிரண்டு நாக்குகளைக் கேட்டதாக நான் நினைத்திருந்தேன். உண்மையில் கேட்கப்பட்டது ஒரே நாக்கு. அதுவும் என் நாக்கு. இப்பிழை எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. உணவைச் செய்வோரும் விற்போரும் பல நாடுகளிலும் இவ்வாறு இடர்ப்பட்டனர். அவ்விடர்ப்பாட்டிலிருந்து பிறந்ததே சுவையை மதிப்பிடும் கலை. அதற்குத் துணையாக வந்தவை புள்ளியியல் என்னும் கணக்கியலும், அக்கணக்கை விரைந்து செய்யும் கணிப்பொறி மென்பொருள்களும் ஆகும்.

முதலில் சுவையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். இனிப்பு, புளிப்பு, கைப்பு, கார்ப்பு, துவர்ப்பு, உவர்ப்பு எனச் சுவையை ஆறாக வகுத்தனர் நம் முன்னோர். இக்கால அறிவியலார், நாவிலுள்ள சுவை அரும்புகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கையும், உமாமி என்னும் ஐந்தாவது சுவையையும் உணர்வதாகக் கூறுகின்றனர். உமாமியை 1908ஆம் ஆண்டில் எடுத்துரைத்தவர் ஜப்பானிய அறிஞர் கிக்குனே இக்கேடா. கார்ப்பை வெப்பத்தையும் வலியையும் அறியும் நரம்புகள் உணர்கின்றன. துவர்ப்போ பெரும்பாலும் தொடு உணர்வின்பாற்பட்டது. சளி பிடித்த நாளில் எவ்வுணவும் சப்பென்றிருப்பது ஏன்? மூக்கு அடைபட்டு மணம் அறியப்படாமையே காரணம். ஆகவே, நாம் சுவை என்று ஒரு சொல்லால் குறிப்பது கண், மூக்கு, நாக்கு, தோல், செவி ஆகிய ஐம்புலன்களும் கூடிச் செய்யும் தொழிலாகும். அஃது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவருக்கே வேளைக்கு வேளை வேறுபடும்.

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம் பழமொழி. பானையிலுள்ள அரிசியெல்லாம் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்ததால் இப்பழமொழி பொருந்துகிறது. மக்களோ ஒரே பானையில் வெந்தவர் அல்லர். ஒருவர் நாக்கைக் கொண்டு ஊரார் நாக்கை அறிய இயலாது. பலரைக் கேட்டல் வேண்டும். கேட்கும் முறையறிந்தும் கேட்டல் வேண்டும்.

அம்முறையை விளக்க, நம் வட்டாரத்துப் பொருளாகிய பலாவையே எடுத்துக்கொள்வோம். பண்ணுருட்டிப் பலாவின் பெருமையை நான் கூற வேண்டுவதில்லை. அருகிலுள்ள பாலூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 'பாலூர் 1' என்னும் பலா இரகத்தை அளித்தது அந்நிலையமே. பருவத்தில் பழங்கள் வந்து குவியும், விலை வீழும், விற்காதவை அழுகும். அவற்றை ஜாமாகக் காய்ச்சிப் புட்டியில் அடைத்தால் ஆண்டு முழுவதும் விற்கலாம். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று கடன் பெற்று இத்தொழிலைத் தொடங்குவதாகக் கொள்வோம். உள்ளூர்ச் சந்தையிலும், பல மாநிலத்தவரும் கூடி வாழும் நெய்வேலி நகரியத்திலும் அவர்கள் விற்க விரும்புகின்றனர். எவ்வளவு சர்க்கரை சேர்ப்பது? புளிப்புக்கு எலுமிச்சைச் சாறு சேர்க்கலாமா? அவர்கள் பெற்ற கடன் அடைவதும் அடையாததும் இவ்வினாக்களின் விடையைப் பொறுத்தது.

குழுத்தலைவியார் சுவைத்து, "இதுவே நன்று" என்று கூறினால், என் விடுதியில் நிகழ்ந்ததே அங்கும் நிகழும். ஆதலால் சுவைப்போரைத் தனித்தனியே அமரச் செய்தல் வேண்டும். ஒருவர் முகக்குறிப்பை மற்றவர் காணலாகாது. எது எவர் செய்தது என்பது தெரியாதவாறு, கிண்ணங்களின்மேல் 527, 384, 916 போன்ற மூவிலக்க எண்களை இடுதல் வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிட்டால், ஒன்றே சிறந்ததென்னும் எண்ணம் தானே தோன்றிவிடும். ஒன்றைச் சுவைத்தபின் நீரால் வாய் கொப்புளித்தல் வேண்டும். மிக்க இனிப்பை உண்டபின் உண்பது இனிப்புக் குறைந்ததாகத் தோன்றுமாதலின், எல்லார்க்கும் ஒரே வரிசையில் கொடுக்காமல், வரிசையை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தல் வேண்டும். இவ்வளவும் செய்தபின் சொல்லப்படும் சொல்லே சுவைத்தவரின் சொந்தச் சொல்லாகும்.

இனி, எண்கள் இங்கு எவ்வாறு நுழைகின்றன என்று பார்ப்போம். இங்கிலாந்து நாட்டில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் பழைமை வாய்ந்த வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று உண்டு. அங்கு 1920களில் ரொனால்டு ஃபிஷர் என்னும் புள்ளியியல் அறிஞர் பணிபுரிந்தார். உடன் பணிபுரிந்த மியூரியல் பிரிஸ்டல் என்னும் அம்மையார், கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்பதைச் சுவையாலேயே கூற வல்லேன் என்றார். அதனை எவ்வாறு சோதிப்பது? ஃபிஷர் 1935ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அத்தகைய சோதனையை விளக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். அவற்றை வரிசை மாற்றி வைத்து, பால் முதலில் ஊற்றிய நான்கையும் பிரித்தெடுக்கச் சொல்லுதல் வேண்டும். எட்டிலிருந்து நான்கைத் தேர்ந்தெடுக்கும் வழிகள் 70. ஏதும் அறியாதவர் குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகக் கூறுதல் 70இல் ஒரு முறையே நிகழக்கூடும். எனவே, சரியாகக் கூறினால், அறிந்தே கூறினார் என்று நம்பப் போதிய காரணம் உண்டு.

இதில் அடங்கிய கருத்து மிக எளியது. ஆயினும் மிக ஆழ்ந்தது. ஒருவர் சொல்லை அவருடைய பதவியைக் கொண்டோ குரலின் வலிமையைக் கொண்டோ மதிப்பிடாமல், தற்செயலாக நிகழக்கூடியதனோடு ஒப்பிட்டு மதிப்பிடுதல் என்பதே அக்கருத்து. நம் மகளிர் குழுவினர் சர்க்கரையைச் சிறிது குறைத்தால் உண்போர்க்கு வேறுபாடு தெரியுமா என்று அறிய விரும்புகின்றனர் எனக் கொள்வோம். பன்னிருவர்க்கு மும்மூன்று கிண்ணங்கள் அளித்தல் வேண்டும். இரண்டில் ஒரே ஜாம். ஒன்றில் வேறு ஜாம். வேறானது எது என்று கேட்டல் வேண்டும். குருட்டாம்போக்கில் கூறினால் மூவரில் ஒருவர், அஃதாவது பன்னிருவரில் ஏறத்தாழ நால்வர் சரியாகக் கூறுவர். எண்மரோ அதற்கு மேற்பட்டோரோ சரியாகக் கூறினால், அது தற்செயல் என்பதற்கு நூற்றில் இரண்டு பங்கும் இடமில்லை. வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறது என்று கொள்ளலாம்.

வேறுபாடு தெரிகிறது என்பது வேறு; விருப்பம் எது என்பது வேறு. விருப்பத்தை அளக்க ஒன்பது படிகள் கொண்ட அளவுகோல் ஒன்று உலகெங்கும் வழங்குகிறது. 'மிக மிக வெறுக்கிறேன்' என்பது முதற்படி. 'விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை' என்பது ஐந்தாம் படி. 'மிக மிக விரும்புகிறேன்' என்பது ஒன்பதாம் படி. அமெரிக்கப் படைவீரர்க்கு வழங்கும் உணவுகளில் அவர்கள் விரும்புவன எவை என்று அறிவதற்காக, 1940களின் இறுதியில் அந்நாட்டு ஆராய்ச்சியாளர் இதனை வகுத்தனர்.

இங்குதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். குழுவினர் மூவகை ஜாம் செய்தனர் எனக் கொள்வோம். முதல் வகை மிகுந்த இனிப்பு. இரண்டாம் வகை நடுத்தரம். மூன்றாம் வகை இனிப்புக் குறைந்து புளிப்பு மிகுந்தது. நூறு பேர் சுவைத்தனர். ஐம்பது பேர் முறையே 8, 6, 3 என மதிப்பெண் இட்டனர். மற்றை ஐம்பது பேர் 3, 6, 8 என இட்டனர். சராசரி காணுங்கள். முதல் வகைக்கு ஐந்தரை, இரண்டாம் வகைக்கு ஆறு, மூன்றாம் வகைக்கு ஐந்தரை. சராசரியை மட்டும் நோக்குபவர் நடுத்தர ஜாமே வென்றது என்பர். ஆனால், அந்நூறு பேரில் ஒருவரேனும் அதனை முதலாவதாக விரும்பினாரா? இல்லை. எல்லார்க்கும் பொதுவென்று செய்த பண்டம் எவர்க்கும் சிறப்பாக அமையவில்லை. அடுத்த கடைக்காரர் முதல் வகையையும் மூன்றாம் வகையையும் கொணர்ந்து வைத்தால், நூறு பேரும் அங்கே சென்றுவிடுவர். கடன் பெற்ற மகளிரின் முதல் கரைந்துவிடும்.

மூவகையும் இருவகை மதிப்பும் என்றால் நாமே கண்ணால் கண்டுகொள்ளலாம். உண்மை வாழ்வில் எண்கள் இவ்வாறு ஒழுங்காக வாரா. பத்து வகைப் பண்டங்களைப் பயிற்சி பெற்ற பன்னிருவர், நிறம், மணம், இனிப்பு, புளிப்பு, குழைவு எனப் பன்னிரண்டு பண்புகளில், இருமுறை சுவைத்து மதிப்பிட்டால் 2,880 எண்கள் சேரும். அவற்றோடு, வாங்குவோர் சிலநூறு பேரின் விருப்ப மதிப்பெண்களும் வந்து சேரும். இவ்வெண்காட்டில் வழி காண்பதற்கே மென்பொருள் வேண்டப்படுகிறது.

அஃது என்ன செய்கிறது? பனையோலை விசிறி ஒன்றை எண்ணிப் பாருங்கள். விளிம்புப் பக்கமாகப் பார்த்தால் ஒரு கோடு போலத் தோன்றும். சிறிது திருப்பினால் அதன் முழு வடிவமும் தோன்றும். விசிறி மாறவில்லை, பார்க்கும் பக்கமே மாறியது. பன்னிரண்டு பண்புகளால் ஆன எண்தொகுதியையும் இவ்வாறு திருப்பி, வேறுபாடுகள் மிகுதியாகத் தோன்றும் பக்கத்தைக் கண்டு, அதனைத் தாளின்மேல் ஒரு படமாக வரையலாம். இம்முறையை 1901ஆம் ஆண்டில் கார்ல் பியர்சனும், 1933ஆம் ஆண்டில் ஹெரால்டு ஹொட்டெல்லிங்கும் வகுத்தனர். அக்காலத்தில் கையால் செய்யப் பல நாள் பிடித்த கணக்கை இன்று கணிப்பொறி நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறது.

அப்படத்தில் ஒவ்வொரு பண்டமும் ஒரு புள்ளியாக அமையும். ஒத்த சுவையுடையவை அருகருகே இருக்கும். மாறுபட்டவை விலகி நிற்கும். அதன்மேல், சுவைத்தவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அம்புக்குறி இடப்படும். அவர் விரும்பும் திசையை அது காட்டும். அம்புகள் எல்லாம் ஒரே திசையில் சென்றால் மக்கள் விருப்பம் ஒன்றே. இரு திசைகளில் கொத்துக்கொத்தாகப் பிரிந்தால், விரும்புவோர் இரு கூட்டத்தார் என்பது விளங்கும். நம் நூறு பேரின் கதையை இப்படம் ஒளிக்காமல் காட்டிவிடும். மேலும், ஒரே பண்டத்தை இருமுறை கொடுத்தபோது ஒரே வகையாக மதிப்பிட்டவர் யாவர், முன்னுக்குப்பின் முரணாக மதிப்பிட்டவர் யாவர் என்பதையும் மென்பொருள் எடுத்துக்காட்டும்.

இத்தகைய மென்பொருள்களுள் விலை கொடுத்து வாங்குவனவும் உண்டு; விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு. நியூசிலாந்து நாட்டு ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் என்னும் இருவர் 'ஆர்' என்னும் கணிப்பொறி மொழியை உருவாக்கினர். புள்ளியியல் கணக்குகளுக்கென்றே அமைந்த அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். அதன் உள்ளமைப்பைப் படித்தறியலாம். வேண்டுவன சேர்க்கவும் செய்யலாம். அவ்வாறு சேர்க்கப்பட்டவற்றுள் ஒன்று 'சென்ஸோமைனர்'. பிரான்சு நாட்டில் ரென் நகரத்தைச் சேர்ந்த செபாஸ்தியன் லே, பிரான்சுவா ஹுசோன் ஆகியோர் சுவைமதிப்பீட்டுக்கென்றே அமைத்தது அது. 2008ஆம் ஆண்டில் அவர்கள் அதனைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழில் வெளியிட்டனர். பெரிய ஆலைகளுக்கு மட்டும் எட்டக்கூடியதாயிருந்த கருவி, இன்று சிற்றூர்க் கல்லூரி மாணவர்க்கும் எட்டும் பொருளாயிற்று.

இக்கலையில் நம் நாட்டின் பங்கும் சிறிதன்று. பிரசாந்த சந்திர மகலனோபிசு என்னும் பேரறிஞர் 1931ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அங்குப் பணிபுரிந்த ஆர். சி. போஸ் 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சுவைப்போர்க்குப் பெரிதும் பயன்படுவது. ஏழு வகைப் பண்டங்களையும் ஒருவரே சுவைத்தால் நாக்குச் சோர்ந்துவிடும். ஒருவர்க்கு மூன்று வகை மட்டுமே கொடுத்து, எல்லா வகைகளையும் நடுநிலையாக ஒப்பிடுதல் கூடுமா? கூடும். எழுவரை அழைத்து, முதல்வர்க்கு 1, 2, 4. அடுத்தவர்க்கு 2, 3, 5. பின்னர் முறையே 3, 4, 6. 4, 5, 7. 5, 6, 1. 6, 7, 2. 7, 1, 3 என வகைகளை அளியுங்கள். ஒவ்வொரு வகையும் மூவரால் சுவைக்கப்படுவதையும், எந்த இரு வகைகளை எடுத்தாலும் அவை ஒருவர் கையில் ஒருமுறை சரியாகச் சந்திப்பதையும் நீங்களே எழுதிப் பார்த்து அறியலாம். இத்தகைய அமைப்புகளைக் காணும் வழிகளையே போஸ் அவ்வாய்வில் வகுத்துரைத்தார்.

1950ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. உணவின் சுவையையும் மணத்தையும் மதிப்பிடும் கலை அங்கு முறையாக வளர்க்கப்பட்டு வருகிறது. உணவுகளைப் புலன்களால் மதிப்பிடுவதற்குரிய இந்தியத் தரநெறியின் முதலிரு பகுதிகள் 1971ஆம் ஆண்டில் வெளிவந்தன. புள்ளியியல் கணக்கீடு பற்றிய மூன்றாம் பகுதி 1983ஆம் ஆண்டில் வெளிவந்தது. சுவைக்கும் அறையும் கிண்ணமும் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பது போலவே, கிடைத்த எண்களை எவ்வாறு கணக்கிடுதல் வேண்டும் என்பதற்கும் நெறி வகுக்கப்பட்டமை கருதத்தக்கது.

மாணவர்களே! ஒன்றை மறவாதீர்கள். மென்பொருள் எண்ணுமேயன்றி உண்ணாது. அதற்குப் பசியில்லை, நாக்கில்லை, நாணமும் இல்லை. என் விடுதியில் அன்று பெற்ற பன்னிரண்டு பொய்ம்மதிப்பெண்களை அதனிடம் கொடுத்திருந்தாலும், அஃது அழகியதொரு படத்தை வரைந்தே கொடுத்திருக்கும். அப்படமும் முதல் அரிசியே நன்றென்று கூறியிருக்கும். பிழையான வினாவைப் பொறி திருத்தாது. அஞ்சாமல் விடை கூறும் இடத்தை அமைத்துத் தருவது மனிதர் கடமை. அவ்விடைகளுள் ஒன்றையும் நழுவவிடாமல் எண்ணித் தருவது பொறியின் கடமை. முன்னது இல்லையேல் பின்னதால் பயனில்லை.

அவ்வாண்டு முடிந்தபின் மறுபடியும் அரிசி வாங்கும் நாள் வந்தது. அன்று எனக்கு இக்கலையின் பெயரும் தெரியாது, மென்பொருளும் தெரியாது. எனினும், அம்மாணவன் கூறிய சொல் நெஞ்சில் இருந்தது. சமைத்த சோற்றை ஆறவிட்டு, மாணவர்க்குத் தனித்தனியே அளிக்கச் செய்தேன். ஆளுக்கொரு சிறு தாளைக் கொடுத்து, பெயர் எழுதாமல் விருப்பத்தை மட்டும் எழுதச் சொல்லிவிட்டு, அறைக்கு வெளியே சென்று நின்றுகொண்டேன். தாள்களை எண்ணியபொழுது, நான் மனத்துக்குள் தேர்ந்திருந்த அரிசி தோற்றிருந்தது. மாணவர் தேர்ந்ததையே வாங்கினோம். அவ்வாண்டு தட்டுகளில் சோறு மிஞ்சவில்லை.

பலர்க்காக முடிவு செய்யும் பொறுப்பு உங்களுள் பலர்க்கும் ஒருநாள் வரும். அன்று உங்கள் கருத்தை முதலில் கூறிவிட்டுப் பிறரை வினவாதீர்கள். முதலில் அவர்கள் நாவுக்கு இடங்கொடுங்கள். பின்னர் எண்ணைக் கேளுங்கள். உங்கள் சொல் இறுதியில் வரட்டும்.